நோயுள்ள பெற்றோரின் வெளிநாட்டுப் பயணம்: காப்பீட்டில் மறைக்கக் கூடாதது

நம் வீடுகளில் கடல் கடந்த பயணம் என்பது ஒரு காலத்தில் ஆண்மக்களுக்கே உரியதாக இருந்தது. வாப்பா கொழும்புக்கோ பினாங்குக்கோ கப்பலேறுவார். உம்மா வாசற்படியில் நின்று துஆச் செய்து வழியனுப்பி வைப்பார். இன்றோ அந்த உம்மாவே அறுபத்தைந்து வயதில், சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்குமான மாத்திரைகளைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவுக்கும், உம்ராவுக்காக மக்காவுக்கும் விமானமேறுகிறார். அல்லாஹ் நம் சமுதாயத்துக்கு அளித்துள்ள வசதிகளில் இதுவும் ஒன்று, அல்ஹம்துலில்லாஹ்.

ஆனால் இப்பயணங்களுக்காக நாம் செய்யும் ஏற்பாடுகளைச் சற்று எண்ணிப் பாருங்கள். மிளகாய்த்தூளும் மல்லித்தூளும் பேரப்பிள்ளைக்கான பலகாரங்களும் அடைத்த பெட்டியை மூன்று முறை எடை பார்க்கிறோம். பயணக் காப்பீட்டுக்கோ ஐந்து நிமிடங்கூடச் செலவிடுவதில்லை. டிக்கெட் எடுத்துத் தரும் டிராவல்ஸ்காரர், "எல்லாம் சேர்த்துப் போட்டுட்டேன் பாய்" என்கிறார், நாமும் தலையசைத்துவிடுகிறோம். அந்தப் பாலிசியில் "முன்பே உள்ள நோய்கள்" என்ற தலைப்பின் கீழ் என்ன எழுதியிருக்கிறது என்பதை, மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டுதான் முதன்முதலாக வாசிக்கிறோம். நோயுடைய ஒருவருக்கு அந்தப் பாலிசியில் முதலில் வாசிக்க வேண்டிய பக்கமே அதுதான்.

"முன்பே உள்ள நோய்" என்றால் என்ன?

இதைப் பற்றி நம்மிடையே தவறான எண்ணங்கள் நிரம்ப உண்டு. "சர்க்கரை கட்டுப்பாட்டில் இருக்கிறது, ஆகவே எனக்கு நோயில்லை" என்று நினைப்பவர் பலர். மாத்திரையினால் கட்டுப்பட்டிருந்தாலும் அது உள்ள நோயே. ஆறு ஆண்டுகளுக்கு முன் இரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டு, இப்போது ஐவேளையும் பள்ளிவாசலுக்கு நடந்தே சென்று வரும் பெரியவர் தம்மைப் பூரண குணமடைந்தவராகக் கருதலாம். காப்பீட்டு நிறுவனம் அவரை இதய நோயாளியாகவே கருதும். ஆங்கில மருத்துவத்தை நிறுத்திவிட்டு யூனானியோ சித்த மருந்தோ உட்கொள்பவருக்கும் இது பொருந்தும். மருந்தின் வகை மாறியதால் நோய் இல்லாமற் போய்விடவில்லை.

உள்நாட்டு மருத்துவக் காப்பீட்டில் இந்நோய்களுக்கென்று காத்திருப்புக் காலம் ஒன்று உண்டு. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அது 36 மாதங்களுக்கு மேற்படக் கூடாது. அக்காலம் கழிந்ததும், விண்ணப்பத்தில் தெரிவித்த நோய்க்கும் பணம் கிடைக்கத் தொடங்கும். பயணக் காப்பீடோ இருபது நாளிலோ ஆறு மாதத்திலோ முடிந்துவிடுவது. காத்திருந்து பயனடைவது என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. பாலிசி வாங்கும் அன்று அந்நோய்க்குப் பாதுகாப்பு இருந்தால் உண்டு. இல்லையேல் இறுதிவரை இல்லை.

பெரும்பாலான பயணப் பாலிசிகள் இந்நோய்களை அடியோடு விலக்கிவிடுகின்றன. சில, உயிருக்கு ஆபத்தான அவசர நிலையில் மட்டும், அதுவும் மொத்தக் காப்பீட்டுத் தொகையில் ஒரு சிறு பங்கு வரையில் தருகின்றன. முகப்பில் ஒரு இலட்சம் டாலர் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருக்கும்; உள்ளே போய்ப் பார்த்தால், முன்பே உள்ள நோய்க்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. எழுபது வயதைக் கடந்தவர்களுக்குப் பல பாலிசிகளில் ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனி உச்சவரம்பு வேறு. ஆகவே டிராவல்ஸ்காரரிடம் "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்பதில் பயனில்லை. "எங்கள் உம்மாவுக்குச் சர்க்கரையும் கொதிப்பும் இருக்கின்றன, அவற்றால் அங்கே மருத்துவமனையில் சேர நேர்ந்தால் எவ்வளவு கிடைக்கும்? அது எந்தப் பக்கத்தில் எழுதப்பட்டுள்ளது?" என்று கேளுங்கள். பக்கத்தைக் காட்ட முடியாதவர் வாயால் தரும் உறுதிக்கு மதிப்பில்லை.

ஈரமான தானியக் குவியல்

பாலிசிக்கான விண்ணப்பத்தில் "உங்களுக்கு நோய் ஏதேனும் உண்டா?" என்ற கேள்வி இருக்கும். நம் வீடுகளில் பிழை தொடங்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

சிலர் தெரிந்தே மறைக்கின்றனர். "சுகர் யாருக்குத்தான் இல்லை? எழுதாதீங்க, பிரீமியம் ஏறிடும்" என்று யோசனை கூறும் ஏஜெண்டுகளும் உள்ளனர். கமிஷன் அவருக்கு அன்றே கிடைத்துவிடும். பின்னர் க்ளைம் மறுக்கப்படும்போது கையொப்பமிட்டவர் நாமாக இருப்போம்.

வேறு சில வீடுகளில் அறியாமலே மறைப்பு நிகழ்ந்துவிடுகிறது. வெளிநாட்டிலிருக்கும் மகன் இரவு வேலை முடிந்து வந்து, கணினியில் தாமே விண்ணப்பத்தை நிரப்புகிறார். தாயாருக்கு நெஞ்சுவலி வந்து ஈ.சி.ஜி. எடுத்ததும், மருத்துவர் புதிய மாத்திரை எழுதித் தந்ததும் அவருக்குத் தெரியாது; பிள்ளை கவலைப்படுவானே என்று உம்மா சொல்லாமல் விட்டிருப்பார். மகன் "இல்லை" என்ற கட்டத்தில் குறியிடுகிறார். பாசத்தால் செய்த மறைப்பாயினும் பாலிசிக்கு வேற்றுமை தெரியாது. ஆகவே பெற்றோரின் மருந்துச் சீட்டுகளையும் பரிசோதனை முடிவுகளையும் முன்னால் வைத்துக்கொண்டே விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும். ஊரில் இருக்கும் மகளோ மருமகளோ இதைச் செய்தால் இன்னும் நல்லது. எந்த மாத்திரை எந்த வேளைக்கு என்பது அவர்களுக்கே தெரியும்.

மார்க்கத்தின் பார்வையிலும் இது சிறிய விஷயமன்று. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்துப் பார்த்து, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கேட்ட நிகழ்ச்சியை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கிறோம். மழையில் நனைந்தது வணிகரின் குற்றமன்று. உலர்ந்ததை மேலே போட்டு மூடியதே குற்றம். நோய் வருவதும் அவ்வாறே. அது நம் குற்றமன்று. எதிர்த்தரப்பு ஒரு பெரிய நிறுவனம் என்பதால் ஒப்பந்தத்தில் பொய் ஆகுமானதாகிவிடாது.

இரண்டு தீர்ப்புகள்

இதில் நம் நாட்டு உச்ச நீதிமன்றம் அளித்த இரு தீர்ப்புகளை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது 2009 ஜூலையில் வந்தது. அது பயணக் காப்பீடு அன்று. சாதாரண மெடிக்ளைம் பாலிசி. பாலிசி எடுத்தவருக்கு நாட்பட்ட சர்க்கரை நோயும் அதனால் விளைந்த சிறுநீரகச் செயலிழப்பும் இருந்தன. விண்ணப்பத்திலோ நல்ல உடல்நலத்துடன் இருப்பதாகக் குறிக்கப்பட்டிருந்தது. பாலிசி எடுத்த சில மாதங்களில் அவர் இறந்துவிட்டார். அவருடைய மனைவி தொடர்ந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. காப்பீடு தருவதா, என்ன பிரீமியத்துக்குத் தருவதா என்று முடிவு செய்வதற்கு இன்றியமையாத செய்தியை மறைத்ததால், பணம் தர மறுத்தது செல்லும் என்று நீதிமன்றம் கூறிவிட்டது.

இரண்டாவது 2021 டிசம்பரில் வந்தது. நம் பொருளுக்கு நேரடியாகவே உரியது. 2009இல் ஒருவர் உறவினர் திருமணத்துக்காக அமெரிக்கா புறப்பட்டார். பயண மெடிக்ளைம் விண்ணப்பத்தில் தமக்குச் சர்க்கரை நோய் உண்டென்று தெரிவித்தார். மருத்துவப் பரிசோதனையும் நடந்தது, பாலிசியும் தரப்பட்டது. சான்பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் இறங்கியதுமே சோர்வும் வியர்வையும் கண்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மாரடைப்பு, மூன்று ஸ்டென்ட்கள் வைக்கப்பட்டன. செலவு இரண்டு இலட்சம் டாலருக்கும் மேல். காப்பீட்டு நிறுவனமோ, அவர் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை சாப்பிட்டதைத் தெரிவிக்கவில்லை என்று காரணங்காட்டி மறுத்தது. தேசிய நுகர்வோர் ஆணையமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. நீதிபதிகள் டி.ஒய். சந்திரசூட், பி.வி. நாகரத்னா ஆகியோரின் அமர்வு அதை மாற்றியது. சர்க்கரை நோயாளிகளுக்கு அம்மாத்திரை முன்னெச்சரிக்கையாகவே தரப்படுகிறது. நோயைத் தெரிந்துகொண்டு பாலிசி கொடுத்த நிறுவனம், பின்னர் அந்த நோய் நிலையையே காட்டிப் பணம் மறுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

இரண்டாமவரைக் காப்பாற்றியது, விண்ணப்பத்தில் அவர் எழுதிய ஒற்றை உண்மை. ஆயினும் அவருக்கு நீதி கிடைக்கப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின என்பதையும் மறந்துவிடலாகாது. ஆகவே நோயின் பெயரோடு நின்றுவிடாமல், உட்கொள்ளும் மருந்துகள் அனைத்தின் பெயரையும் எழுதிக் கொடுத்துவிடுவதே உத்தமம். விண்ணப்பத்தில் இடம் போதாவிட்டால் தனித்தாளில் எழுதி இணைத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். கணினியில் நிரப்பினால் ஒவ்வொரு பக்கத்தையும் அச்செடுத்து வையுங்கள்.

உண்மையை எழுதினால் என்ன நடக்கும்? பிரீமியம் கூடலாம், பரிசோதனைகள் கேட்கப்படலாம், சில நிறுவனங்கள் மறுத்தும்விடலாம். ஒன்று மறுத்தால் இன்னொன்றிடம் கேட்கலாம். எவரும் தர முன்வராத அளவுக்கு நோய் முற்றியிருந்தால், அந்தப் பயணத்தைப் பற்றியே மருத்துவரிடம் அமர்ந்து பேச வேண்டியிருக்கிறது என்று பொருள். மருத்துவர் வேண்டாமென்று சொல்லியும் புறப்பட்டவருக்குப் பெரும்பாலான பாலிசிகள் பணம் தருவதில்லை. அங்கே போய் வைத்தியம் பார்த்துக்கொள்ளலாம் என்ற நோக்கத்தோடு சென்றவருக்கும் அவ்வாறே.

அமெரிக்கா செல்லும் பெற்றோர்

அமெரிக்காவைத் தனியாகக் குறிப்பிடக் காரணம், அங்கே மருத்துவச் செலவு நம் கற்பனைக்கு எட்டாதது. உயிருக்கு ஆபத்தான நிலையில் வருபவரை, பணமில்லை என்று அங்குள்ள அவசரப் பிரிவுகள் திருப்பியனுப்ப முடியாது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் அதைத் தடுக்கிறது. ஆனால் இலவசம் என்று அச்சட்டம் சொல்லவில்லை. பில் பின்னாலேயே வரும். பிள்ளைகள் பணிபுரியும் கம்பெனியின் காப்பீட்டில் பெற்றோரைச் சேர்ப்பதும் பொதுவாக இயலாது.

அங்கே வருகையாளர்களுக்கென்று விற்கப்படும் திட்டங்களில் "அக்யூட் ஆன்செட்" என்றொரு சொற்றொடர் வரும். முன்பே உள்ள நோய் முன்னறிகுறியின்றித் திடீரெனத் தாக்குவதை அது குறிக்கும். அத்தகைய தாக்குதலுக்கு மட்டும், பெரும்பாலும் 24 மணி நேரத்துக்குள் மருத்துவமனைக்குச் சென்றிருந்தால், குறிப்பிட்ட வயதுவரை உள்ளவர்களுக்குப் பணம் தருவார்கள். சர்க்கரை மெல்ல மெல்ல ஏறியது, கால் புண் பெரிதானது, டயாலிசிஸ், வழக்கமான பரிசோதனை, தீர்ந்துபோன மாத்திரையை மீண்டும் வாங்குவது ஆகியவை இதில் அடங்கா. "முன்பே உள்ள நோய்க்கும் பாதுகாப்பு உண்டு" என்ற விளம்பரத்தைப் படித்தவுடன் மகிழ்ந்துவிடாமல், முழுப் பாதுகாப்பா, திடீர்த் தாக்குதலுக்கு மட்டுமா என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

மலிவாகக் கிடைக்கும் சில திட்டங்கள், மருத்துவமனையில் ஒரு நாளுக்கு இவ்வளவு, அறுவைக்கு இவ்வளவு என்று நிலையான தொகை மட்டுமே தருபவை. உண்மைச் செலவில் அது எந்த மூலைக்கும் போதாது. வயதான பெற்றோருக்கு இவற்றை வாங்குவது வீண் என்பதே என் கருத்து.

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு இன்றி விசாவே கிடையாது. விசா கிடைத்துவிட்டதாலேயே நம் நோய்க்கும் பாதுகாப்பு கிடைத்துவிட்டதாக எண்ணிவிடக் கூடாது. விசா அதிகாரி பார்ப்பது தொகையை. விலக்கப்பட்ட நோய்களின் பட்டியலை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

உம்ராவும் ஹஜ்ஜும்

உம்ரா விசாக் கட்டணத்திலேயே சவூதி அரசின் காப்பீடு ஒன்று சேர்ந்திருக்கிறது. அவசர மருத்துவம், விபத்து, மௌத் ஏற்பட்டால் ஆகும் செலவு, விமானத் தாமதம் போன்றவை அதில் அடங்கும். மருத்துவத்துக்கான உச்சவரம்பு ஒரு இலட்சம் ரியால். சவூதி எல்லைக்குள் மட்டுமே அது செல்லும். திரும்பும் வழியில் துபாயில் மகன் வீட்டில் ஒரு வாரம் தங்க நினைப்பவருக்கு அங்கே அது உதவாது. மேலும் அது அவசரத்துக்கானது. நாட்பட்ட நோய்க்குத் தொடர் வைத்தியம் செய்துகொள்வதற்கானதன்று. ஆகவே முதியவர்கள் இங்கிருந்தே தனிப் பாலிசி ஒன்றும் எடுத்துச் செல்வது நலம்.

ஹஜ்ஜின் நிலை வேறு. ஹாஜிகளுக்குச் சவூதி அரசு மருத்துவமனைகளில் இலவச மருத்துவம் கிடைக்கிறது. இந்திய அரசும் மக்காவிலும் மதீனாவிலும் மருத்துவர்களை அனுப்பி மருந்தகங்கள் நடத்துகிறது. ஆனால் 2024ஆம் ஆண்டு ஹஜ்ஜின் கடும் வெயிலில் 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் மிகப் பெரும்பாலோர் அனுமதியின்றி வந்து, நிழலும் தங்குமிடமுமின்றி நடந்தவர்கள். முதியவர்களும் நாட்பட்ட நோயாளிகளும் அவர்களில் இருந்தனர். 2026 ஹஜ்ஜுக்கான நிபந்தனைகளில், டயாலிசிஸ் தேவைப்படும் சிறுநீரக நோய், சிறு உழைப்பையும் தாங்காத இதய நோய், கீமோதெரபி நடைபெறும் புற்றுநோய் ஆகியவற்றைத் தடையாகச் சவூதி அரசு அறிவித்தது. இதை மறைத்துச் சான்றிதழ் வாங்குவோரை எண்ணும்போது வேதனையாக இருக்கிறது. ஹஜ் கடமையாவதற்குச் சக்தி நிபந்தனை. உடல் வலிமையும் அச்சக்தியில் சேர்ந்ததே. குணமாகும் நம்பிக்கையற்ற நோயாளிக்கு பதலி ஹஜ் என்ற வழியையும் மார்க்கம் திறந்தே வைத்திருக்கிறது.

காப்பீடு ஆகுமானதா?

இக்கேள்வி வாசகர்கள் உள்ளத்தில் எழாமலிராது. 1985 டிசம்பரில் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, நிலையான பிரீமியம் வாங்கும் வணிகக் காப்பீட்டில் பெரும் நிச்சயமின்மை இருப்பதால் அது கூடாது என்றும், ஒருவருக்கொருவர் உதவும் கூட்டுறவுக் காப்பீடு கூடும் என்றும் முடிவு செய்தது. அந்த இரண்டாம் வகையே தகாஃபுல். மலேசியாவில் 1984லேயே இதற்கெனச் சட்டம் வந்தது. அங்கே வாழும் நம் மக்கள் உம்ராவுக்கென்றே உள்ள தகாஃபுல் பயணத் திட்டங்களை எடுத்துக்கொள்ளலாம். நம் நாட்டில் அந்த வசதி இல்லை. சட்டமே கட்டாயப்படுத்தும் இடத்தில் நிர்ப்பந்தம் என்ற அடிப்படையில் உலமாக்கள் பலர் அனுமதி காண்கின்றனர். கட்டாயமில்லாத இடத்தில் கருத்து வேறுபாடு உண்டு. உங்கள் மஹல்லா ஆலிமிடம், போகும் நாடு, பெற்றோரின் நோய், அங்குள்ள செலவு ஆகிய மூன்றையும் விளக்கிக் கேளுங்கள். "இன்ஷூரன்ஸ் கூடுமா?" என்று மொட்டையாகக் கேட்டால் மொட்டையான பதிலே கிடைக்கும். காப்பீடே வேண்டாமென்று பேணுதலாக இருப்பவர்கள், அவசரத்துக்கு ஆகும் பணத்தைக் குடும்பத்தார் சேர்ந்து முன்கூட்டியே ஒதுக்கி வைப்பது அவசியம். ஒட்டகத்தைக் கட்டாமல் விட்டுவிடுவது தவக்குல் ஆகாது என்பதை நாம் அறிவோம்.

புறப்படும் முன்னும் பின்னும்

மருத்துவரிடம் நோய்கள், மருந்துகளின் மூலப்பெயர், அளவு ஆகியவற்றை அச்சிட்ட கடிதமாக வாங்கிக்கொள்ளுங்கள். மாத்திரைகளைச் சரக்குப் பெட்டியில் போடாமல், அவற்றின் அட்டையோடு கைப்பையில் எடுத்துச் செல்லுங்கள். வளைகுடா செல்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: சர்க்கரை நோயாளிகளின் கால் எரிச்சலுக்கு இங்கே சாதாரணமாக எழுதித் தரப்படும் பிரிகாபலினும், வலிக்குத் தரப்படும் டிரமடாலும் சவூதியிலும் அமீரகத்திலும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். முன் அனுமதியும் மருந்துச் சீட்டும் இன்றி எடுத்துச் சென்றால் விமான நிலையத்திலேயே சிக்கல் ஏற்படலாம்.

பாலிசி எண்ணையும், நிறுவனத்தின் அவசர உதவித் தொலைபேசி எண்ணையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, பாஸ்போர்ட்டுடன் வையுங்கள். மருத்துவமனையில் சேர்ந்தவுடன் அந்த எண்ணுக்குத் தகவல் தர வேண்டும். தாமதமானால் அதுவே மறுப்புக்கு ஒரு காரணமாகும். தங்கும் காலத்தை நீட்டிக்க நினைத்தால், பாலிசி முடிவதற்கு முன்பே அதையும் நீட்டித்துவிடுங்கள். இடைப்பட்ட காலத்தில் வந்த நோய், நீட்டிப்பில் "முன்பே உள்ள நோய்" ஆகிவிடும்.

க்ளைம் மறுக்கப்பட்டால் மனம் தளர்ந்து காகிதங்களைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். மறுப்பை எழுத்தில் கேட்டு வாங்கி, முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரிக்கும் உரிய அலுவலகம் சென்னையில் இருக்கிறது. 50 இலட்சம் ரூபாய் வரையிலான கோரிக்கைகளை அவர் விசாரிப்பார். கட்டணமில்லை, வக்கீலும் தேவையில்லை. ஆனால் நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போய்ச் சேர வேண்டும். மனுவுடன், நோயைத் தெரிவித்து நீங்கள் நிரப்பிய அந்த விண்ணப்பத்தின் பிரதியையும் இணையுங்கள்.